கேட்கும் சபையும் விடை கூறும் கடமையும்

குடியியற் கல்வியில் உள்ளூராட்சி பற்றிய பாடத்தை நான் நடத்தி முடித்த ஒரு நாள், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், ஒரு சபைக்கு ஒரு விடயத்தில் அதிகாரம் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் அதைப்பற்றி அந்தச் சபை பிரேரணை நிறைவேற்றுவதால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. பொதுமக்களின் அபிப்பிராயத்தைப் புலப்படுத்த அது உதவும் என்று பாடநூலில் உள்ள விடையை நான் கூறினேன். அவன் அமர்ந்துவிட்டான். ஆனால் அந்த விடை அவனுக்குப் போதவில்லை என்பதை அவன் முகம் காட்டிற்று. உண்மையைச் சொல்வதானால், எனக்கும் அது போதவில்லை.

அன்று தொடங்கி இவ்வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இதற்கு விடை தேடுவதற்கு வாய்ப்பான ஓர் உதாரணம் நமது நாட்டிலன்றி, நமது உள்ளூராட்சி மன்றங்களின் தவிசாளரும் பிரேரணையும் வழிமொழிதலும் கூட்டறிக்கையும் எந்த நாட்டிலிருந்து வந்தனவோ அந்த நாட்டிலேயே எனக்குக் கிடைத்தது. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில், இரண்டு விடயங்கள் ஒருங்கே எழுந்தன. ஒன்று கடலைப் பற்றியது. மற்றையது பொலிசைப் பற்றியது. இரண்டும் உள்ளூர் மன்ற உறுப்பினர்களின் முன்னே பிரேரணைகளாக வந்தன. இரண்டிலும் அவர்களுக்குச் சட்டம் வழங்கியிருந்த அதிகாரம் மிகச் சொற்பம். ஆயினும் இரண்டின் முடிவும் ஒன்றாக அமையவில்லை. அவ்வேற்றுமை எதனால் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலிற் கடலை நோக்குவோம். டீஸ் என்னும் நதி வட கடலிற் கலக்குமிடத்தில், கழிமுகத்தின் வடபால் ஹார்ட்டில்பூல் நகரும், தென்பால் ரெட்கார், சோல்ட்பேர்ன் என்னும் ஊர்களும் உள்ளன. இன்னும் தெற்கே செல்வோமாயின் விற்பி, ஸ்காபரோ ஆகிய பழைய மீன்பிடித் துறைகளை அடைவோம். நிலக்கரி, உருக்கு, இரசாயனப் பொருள்கள் ஆகியவற்றால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிழைத்த நதிக்கரை அது. ரெட்காரிலிருந்த பெரிய உருக்காலை 2015 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலைகளின் புகை அடங்கிய பின்னரும், நண்டும் சிங்க இறாலும் பிடிக்கச் செல்லும் சிறு வள்ளங்கள் அக்கரையிலே தொழிலைக் கைவிடவில்லை.

2021 ஒக்டோபரின் தொடக்கத்தில் அக்கரையில் நண்டுகளும் சிங்க இறால்களும் இறந்தும் இறக்குந் தறுவாயிலும் ஒதுங்கத் தொடங்கின. உயிரோடு ஒதுங்கியவை நிலைகொள்ளாது கால்களை உதறித் துடித்தன. சில கடற்கரைகளில் அவை குவியல் குவியலாகக் கிடந்தன. கடலிற் கூடுகளை இட்டிருந்தோர் அவற்றை மேலே இழுத்தபோது, உள்ளே உயிரற்ற நண்டுகளைக் கண்டனர். பின்னர் வந்த நாள்களில் வெறுங் கூடுகளைக் கண்டோரும் பலர். ஹார்ட்டில்பூல் முதல் விற்பி வரை ஒரே துயரம் பரவிற்று. கூட்டில் அகப்படும் நண்டின் தொகையே வீட்டு அடுப்பின் நிலையைத் தீர்மானிக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் இயற்கை விநோதமாக இருந்திருக்க முடியாது.

இதற்குக் காரணம் யாது? சுற்றாடல், மீன்பிடி ஆகியவற்றுக்குப் பொறுப்பான அரச நிறுவனங்கள் கூடி ஆராய்ந்தன. கடலில் நுண்ணிய பாசியினம் திடீரெனப் பெருகி நஞ்சாக மாறியதே பெரும்பாலும் காரணமாகலாம் என்று 2022 பெப்ரவரியில் அவை அறிவித்தன. கடற்றொழிலாளர்கள் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. தாமே பணஞ் சேர்த்துத் தனியார் ஆய்வாளர் ஒருவரை அமர்த்தினர். இறந்த நண்டுகளின் உடலில் பிரிடின் என்னும் இரசாயனப் பொருள் மிகுதியாகக் காணப்பட்டதை அவர் சுட்டிக்காட்டினார். நிலக்கரித் தாரில் உள்ள, துர்நாற்றமுடைய திரவம் அது. அதனை நண்டுகள் எவ்வளவு தாங்கும் என்பதை நியூகாசில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பரிசோதித்து, அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு என்று 2022 இல் அறிவித்தனர். பழைய ஆலைகளின் கழிவு நதியடிச் சேற்றிலே புதைந்திருக்கலாம், கப்பற் பாதையை ஆழப்படுத்துவதற்காகச் சேற்றை அகழ்ந்தபோது அது கிளம்பியிருக்கலாம் என்பது கடற்றொழிலாளரின் ஐயம். அரச தரப்போ, பிரிடின் இறந்த உயிரினங்கள் அழுகும்போதும் தோன்றக்கூடியது என்றும், அகழ்வு டீஸ் நதியில் வழமையாக நடைபெறும் வேலை என்றும் மறுத்துரைத்தது.

பாராளுமன்றத்தின் சுற்றாடல், உணவு, கிராமிய விவகாரக் குழு 2022 ஒக்டோபரில் இரு தரப்பாரையும் அழைத்து விசாரித்தது. அக்குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் ஸ்காபரோ, விற்பி தொகுதியின் உறுப்பினரே. சுயாதீன நிபுணர் குழுவொன்று வேண்டும் என்று அவ்விசாரணையின் பின்னர் கோரப்பட்டது. அத்தகைய குழுவொன்று 2022 டிசம்பரில் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2023 சனவரி 20 ஆந் திகதி வெளிவந்தது. பாசிப்பெருக்கம் காரணமாதல் அரிது. பிரிடின் காரணமாதல் மிகமிக அரிது. சேறகழ்வினால் வந்த நஞ்சும் அவ்வாறே. அந்நாட்டுக் கடலுக்குப் புதிதான ஒரு நோயாக்கியினால் நண்டுகள் மடிந்திருக்கச் சரிபாதி வாய்ப்புண்டு என்பது அவர்களின் தீர்ப்பு. அத்தகைய நோயாக்கி ஒன்றை நேரிற் கண்டு பிடித்ததாக அவர்கள் சொல்லவில்லை. ஐயத்துக்கு இடமின்றி ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

சம்பவம் நடந்து 14 மாதங்கள் கழிந்த பின்னரே இக்குழு அமைந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். புதிதாக நண்டு பிடித்து ஆராய அதனால் இயலவில்லை. முன்பே திரட்டப்பட்ட சான்றுகளை எடைபோடவே இயன்றது. முதற் கிழமைகளில் எது எடுக்கப்பட்டதோ, எது பத்திரப்படுத்தப்பட்டதோ, அதுவே பின்னர் சாட்சி கூறிற்று. எடுக்கப்படாதது என்றைக்கும் பேசப்போவதில்லை.

இனிப் பொலிஸ் விடயத்திற்கு வருவோம். 2021 மார்ச்சில் இலண்டனிலே இளம்பெண் ஒருத்தியை, அப்போது கடமை நேரத்தில் இல்லாத பொலிஸ் உத்தியோகத்தன் ஒருவன், தனது உத்தியோக அடையாள அட்டையைக் காட்டிக் கைதுசெய்வதுபோற் பாசாங்கு பண்ணிக் கடத்திச் சென்று கொலைசெய்தான். செப்டெம்பர் 30 ஆந் திகதி அவனுக்கு ஆயுள் முழுவதும் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த நாள், விற்பியும் ஸ்காபரோவும் அடங்கிய வட யோர்க்ஷயர்ப் பிரதேசத்தின் பொலிஸ் ஆணையாளராக இருந்த பிலிப் அலொட் என்பவர் உள்ளூர் வானொலியிற் பேசினார். தம்மை எப்போது கைதுசெய்யலாம், எப்போது செய்யலாகாது என்பதைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும் என்றும், இறந்த பெண் அக்கைதுக்கு இணங்கியிருக்கக் கூடாது என்றும் பொருள்படும் சொற்களை அவர் கூறிவிட்டார். கொலையுண்டவள் மீதே குற்றஞ் சுமத்தும் அச்சொற்கள் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கின. அவர் மன்னிப்புக் கேட்டார்; ஆனால் பதவியைத் துறக்கவில்லை.

ஆணையாளரை மேற்பார்வை செய்வதற்கென்று, பெரும்பாலும் உள்ளூர் மன்ற உறுப்பினர்களைக் கொண்ட ஒரு குழு அங்கு இருந்தது. ஒக்டோபர் 14 ஆந் திகதி அது கூடிற்று. அவர்மீது நம்பிக்கையில்லை என்னும் பிரேரணையை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றிற்று. அவருடைய கட்சியைச் சேர்ந்தோரும் அவ்வாறு வாக்களித்தவர்களுள் அடங்குவர். அக்குழுவுக்கு அவரை நீக்கும் அதிகாரம் சிறிதும் இல்லை. இருந்தும் அன்றைய தினமே அவர் பதவி விலகினார்.

அதே மாதம், அதே கரையோரம். பொலிஸ் விடயத்தில் அதிகாரமற்ற சபை எழுப்பிய குரல் ஒரே நாளிற் பயன் தந்தது. கடல் விடயத்தில் எழுந்த குரல்கள் 15 மாதங்கள் கழித்து, "சரிபாதி வாய்ப்பு" என்னும் விடையோடு திரும்பின. இந்த வேற்றுமையை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு துறைகளிலும் மன்ற உறுப்பினர்களின் நிலை என்ன என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் நகரங்களில் பொலிஸ் மேற்பார்வை ஒருகாலத்தில் முற்றாக நகரசபை உறுப்பினர்களின் கையில் இருந்தது. 1835 ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் "காவற் குழு" ஒன்றை அமைத்துப் பொலிசாரை நியமிக்கவும் நீக்கவும் அதற்கு உரிமை தந்தது. அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1959 இல் நொட்டிங்காம் நகரில் நடந்தது நல்ல எச்சரிக்கை. அந்நகரின் பொலிஸ் தலைவர் கப்டன் பொப்கெஸ், நகரசபை உறுப்பினர் சிலரைப் பற்றிய புலன்விசாரணையின் விபரத்தைக் காவற் குழுவுக்குத் தர மறுத்தார். குழு அவரைப் பதவியிலிருந்து இடைநிறுத்திற்று. உள்நாட்டு அமைச்சர் தலையிட்ட பின்னரே அவர் மீண்டும் பதவியில் அமர்ந்தார். தம்மையே விசாரிக்கும் அதிகாரியைத் தாமே தண்டிக்கும் வலிமை உறுப்பினர்களிடம் இருத்தல் ஆபத்தானது என்பதை நாடு உணர்ந்தது. 1964 ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் அவ்வலிமையைக் குறைத்து, மூன்றில் இரு பங்கு மன்ற உறுப்பினர்களும் ஒரு பங்கு நீதவான்களும் கொண்ட பொலிஸ் அதிகார சபைகளை உண்டாக்கிற்று.

2011 இல் நிறைவேறிய சட்டம் அச்சபைகளையும் ஒழித்தது. இலண்டன் நீங்கலான பகுதிகளில், பொலிஸ் படைக்கு ஒருவர் என்ற விகிதத்தில் மக்களே தேர்ந்தெடுக்கும் ஆணையாளர் பதவி வந்தது. "இனி மக்களுக்கு ஒரு முகம் தெரியும், குறை இருந்தால் அந்த முகத்தைக் கேட்கலாம்" என்பது அச்சீர்திருத்தத்தின் நியாயம். 2012 நவம்பரில் நடந்த முதலாவது தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 15 சதவீதத்தினரே. மன்ற உறுப்பினர்களுக்கோ மேற்பார்வைக் குழுவில் ஆசனமும் கேள்வி கேட்கும் உரிமையும் எஞ்சின. ஆணையாளர் விதிக்கும் வரியையோ, பொலிஸ் தலைவரின் நியமனத்தையோ மூன்றில் இரு பங்கு வாக்கினால் அவர்கள் தடுத்து நிறுத்தலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அவர்மீது சாட்டப்பட்டால் அவரை இடைநிறுத்தலாம். தவறான சொல்லுக்கோ தகுதியின்மைக்கோ அவரை நீக்க முடியாது.

ஆகவே வட யோர்க்ஷயரில் வென்றது சட்டமன்று, வெட்கமே என்க. ஒரு தனி மனிதர் அங்கே அமர்ந்திருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது; முகம் இருந்தது; மீண்டும் ஊர்மக்களைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. குழு கேட்ட கேள்வி அவர் ஒருவரையே சென்றடைந்தது. வேறொருவர் பக்கம் கைகாட்ட அவருக்கு வழியிருக்கவில்லை. ஆனால் இவ்வெற்றியைக் கண்டு மிதமிஞ்சி மகிழ்வதற்கும் இடமில்லை. வெட்கப்படாத ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்திருப்பாரானால், அதே பிரேரணை, அதே ஏகமனதான வாக்கு, அதே சட்டம் ஆகிய அனைத்தும் இருந்தும் அவர் அடுத்த தேர்தல்வரை அமர்ந்திருந்திருப்பார். ஒரு மனிதரின் நாணத்தை நம்பிக் கட்டப்பட்ட மேற்பார்வை உறுதியான மேற்பார்வையாகாது.

பொலிசைக் கேட்பதற்கு வலுவான அமைப்பு வேண்டும் என்பதற்கு அண்டைப் பிரதேசமும் ஒரு சான்று. ஹார்ட்டில்பூல், ரெட்கார் ஆகியவை அடங்கிய கிளீவ்லண்ட் பொலிஸ் படையை 2019 இல் அரச பரிசோதகர்கள் ஆராய்ந்து, பார்த்த எல்லாத் துறைகளிலும் அது தரக்குறைவானது என்று அறிவித்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையாளர் ஒருவர் இருந்தார். உறுப்பினர்களின் குழுவும் இருந்தது. ஆயினும் இலண்டனிலிருந்து வந்த பரிசோதகரின் பேனா எழுதும்வரை நோயின் முழு அளவும் நாட்டுக்குத் தெரியவில்லை.

கடலின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே வெட்கப்படுவதற்கு ஒரு முகமே இல்லை. இங்கிலாந்தில் உள்ளூர் மன்றத்தின் எல்லை பொதுவாக வற்றுக் கடலின் விளிம்போடு முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நீரின் தூய்மைக்குப் பொறுப்பு ஒரு முகவர் நிலையத்திடம். சேறகழ்வதற்கும் அகழ்ந்ததைக் கொட்டுவதற்கும் அனுமதி வழங்குவது வேறொரு நிறுவனம். நண்டின் நோயைப் பரிசோதிப்பது மூன்றாவது. கரையிலிருந்து 6 கடல்மைல் தூரம்வரை மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது நான்காவது. இந்த நான்காவது அதிகார சபையில் மட்டும் மன்ற உறுப்பினர்களுக்கு இடமுண்டு. 2009 ஆம் ஆண்டின் கடற்சட்டம் அதனை வழங்கியது. எத்துணைச் சிறிய நண்டைப் பிடிக்கலாகாது என்று அவர்கள் அங்கே விதி செய்யலாம். நண்டு ஏன் இறந்தது என்று விடை கூறும்படி மற்றையவர்களைக் கட்டாயப்படுத்த அவர்களால் முடியாது.

இவ்வாறு பொறுப்பு பலரிடம் பங்கிடப்பட்டிருக்கும்போது ஒரு பிரேரணை எங்கே செல்லும்? அமைச்சருக்குக் கடிதமாகச் செல்லும். அமைச்சர் நிறுவனத்தைக் காட்டுவார். நிறுவனம் அறிக்கையைக் காட்டும். அறிக்கை நிகழ்தகவைக் காட்டும். இதில் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் கூறவரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் உண்மையையே கூறியிருக்கலாம். ஆனால் கேட்டவனுக்கு விடை கூறும் கடமை யாரிடமும் முழுமையாகத் தங்கவில்லை.

இவ்விடத்தில் மறுதரப்பாரின் வாதத்தையும் நியாயமாக எடுத்துரைத்தல் வேண்டும். "குப்பை அள்ளுவதும் வீதி விளக்கு ஏற்றுவதும் உங்கள் வேலை. கடலின் விஞ்ஞானத்தையும் பொலிசின் ஒழுங்கையும் நீங்கள் விவாதிப்பது நாடகம், அதுவும் கட்சி நாடகம்" என்று கூறுவோர் உளர். இதில் உண்மை இல்லாமலில்லை. டீஸ் கழிமுகத்தில் 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட வரிச்சலுகைத் துறைமுகத் திட்டம் அந்த ஊரின் பெரிய அரசியற் பிரச்சினை. வேலைவாய்ப்பு வரும் என்று அதனை ஆதரித்தவர்களும், அதன் கணக்குவழக்குகளை ஐயுற்று எதிர்த்தவர்களும் இறந்த நண்டை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தனர். திட்டத்தை எதிர்த்தோருக்கு நஞ்சு பிடித்திருந்தது. ஆதரித்தோருக்குப் பாசி பிடித்திருந்தது. ஆனால் நாட்காட்டி இரு தரப்பாரையும் அடக்கப் போதுமானது. அத்துறைமுகத்தின் புதிய இறங்குதுறைக்கான பெரும் அகழ்வு தொடங்கியது 2022 செப்டெம்பரில். நண்டுகள் இறந்தது 2021 ஒக்டோபரில். பின்னர் நடந்தது முன்னர் நடந்ததற்குக் காரணமாக முடியாது. ஆதலின் ஐயப்பட வேண்டியது வழமையான பராமரிப்பு அகழ்வைப் பற்றியும் பழைய கழிவைப் பற்றியுமே. வருங்காலத்தைப் பற்றிய அச்சம் வேறு. கடந்தகாலத்தைப் பற்றிய குற்றச்சாட்டு வேறு. இவ்விரண்டையும் கலந்து பேசிய பேச்சு கடற்றொழிலாளருக்கு நன்மை செய்யவில்லை.

நண்டு எதனால் இறந்தது என்பதைக் கை உயர்த்தி முடிவுசெய்ய முடியாது என்பதும் உண்மையே. ஒரு மன்றம் ஏகமனதாக நஞ்சு என்று வாக்களித்தாலும் நஞ்சு ஆகிவிடாது. பாசி என்று வாக்களித்தாலும் பாசி ஆகிவிடாது. விஞ்ஞானத்தில் பெரும்பான்மைக்கு இடமில்லை.

ஆனால் இவ்வாதத்தோடு நின்றுவிடுவோர் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். நண்டின் மரணத்துக்குக் காரணம் எது என்பது வாக்குக்குரிய விடயமன்று. அக்காரணத்தைத் தேட வேண்டுமா, எவ்வளவு விரைவில், யார் செலவில், யார் கண்முன்னே என்பவை முற்றிலும் வாக்குக்குரிய விடயங்கள். கரையொதுங்கிய நாளிலேயே மாதிரிகள் எடுத்துப் பாதுகாக்கப்பட வேண்டும். பரிசோதனையின் எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். விடை கிடைக்கும்வரை அகழ்வைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்பதற்கு எந்த உறுப்பினரும் இரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை. பொலிஸ் விடயமும் அத்தகையதே. இன்னாரைக் கைதுசெய் என்றோ விடு என்றோ உறுப்பினர் கட்டளையிடலாகாது. நொட்டிங்காம் தந்த பாடம் அது. ஆயின் கைது செய்யும் அதிகாரம் எவ்வாறு கையாளப்படுகின்றது, முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது, ஒரு பெண் ஏன் சீருடையைக் கண்டு அஞ்ச வேண்டியிருக்கின்றது என்று கேட்பது அவருடைய உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும். விடையைத் தானே சொல்ல முற்படும் சபை தன் எல்லையை மீறுகின்றது. கேள்வியைக் கேட்க மறுக்கும் சபையோ தன் கடமையைத் துறக்கின்றது.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், அக்கரையோரக் குரல்கள் வீண்போகவில்லை என்பது புலனாகும். 2022 பெப்ரவரியில் அரசாங்கம் தன் விடையைக் கூறிக் கோப்பை மூடத் தயாராக இருந்தது. கடற்றொழிலாளரும், உள்ளூர் உறுப்பினரும், பல்கலைக்கழகத்தாரும், பாராளுமன்றக் குழுவும் மாறி மாறிக் கேட்டிராவிடின் சுயாதீன நிபுணர் குழு அமைந்திராது. அக்குழு கடற்றொழிலாளரின் கருத்தை ஏற்கவில்லை என்பது மெய். ஆனால் அரசாங்கத்தின் முதல் விடையையும் அது ஏற்கவில்லை. பாசியே பெரும்பாலும் காரணம் என்று திட்டமாகச் சொல்லப்பட்டது ஓராண்டுக்குள் அரிதான காரணமாக இறங்கிவிட்டது. கேட்டவர்கள் விரும்பிய விடை கிடைக்கவில்லையாயினும், முன்பு கிடைத்த விடை போதாது என்று அவர்கள் கூறியது சரியென்று நிரூபணமாயிற்று. இதனைச் சிறிய பேறு என்று நான் கருதவில்லை.

நமது நாட்டில் இதே 2021 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் பொருத்தம். மே மாதத்தில் கொழும்புக்கு அப்பாலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் படிந்தன. இறந்த ஆமைகள் ஒதுங்கின. அவ்வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. பணம் கைக்கு வருவது வேறு கதை. ஆனால் அங்கே கப்பலுக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்கு உரிமையாளர் இருந்தார். ஆகவே விடை கூற வேண்டியவர் யார் என்று நீதிமன்றத்தாற் சுட்ட முடிந்தது. டீஸ் கரையில் இறந்த நண்டுகளுக்கு அத்தகைய பெயரொன்றும் கிட்டவில்லை. பெயருள்ள தவறுக்கு நீதிமன்றம் உண்டு. பெயரறியாத துயரத்துக்கோ, விடாது கேட்டுக்கொண்டிருக்கும் சபைகளே முதற் புகலிடமாக இருத்தல் வேண்டும்.

ஆனால் சபைகளும் நிலையானவை அல்ல. ஸ்காபரோ நகரமன்றம் 2023 ஏப்ரல் 1 ஆந் திகதி ஒழிக்கப்பட்டு, வட யோர்க்ஷயர் முழுமைக்கும் ஒரே மன்றம் வந்துவிட்டது. வட யோர்க்ஷயரின் பொலிஸ் ஆணையாளர் பதவியும் 2024 மே மாதத்தில் புதிய மேயரின் கடமைகளோடு இணைக்கப்பட்டது. அதற்கும் மேலாக, ஆணையாளர் பதவியையே 2028 மே மாதத்தோடு நாடெங்கும் நீக்கப்போவதாகப் பிரித்தானிய அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. மேயர் உள்ள இடங்களில் அப்பொறுப்பு மேயரிடமும், இல்லாத இடங்களில் உள்ளூர் மன்றத் தலைவர்கள் அடங்கிய சபைகளிடமும் செல்லும் என்பது ஏற்பாடு. காவற் குழுவிலிருந்து அதிகார சபைக்கும், அதிலிருந்து தனி ஆணையாளருக்கும் சென்ற மேற்பார்வை, சுற்றி வந்து மீண்டும் மன்ற உறுப்பினரின் வாயிலை ஒரு புறமாகத் தட்டுகின்றது.

அமைப்புக்கள் மாறுவதனால் மட்டும் நோய் தீரும் என்று நான் நம்பவில்லை. எந்தப் பெயரில் அச்சபை கூடினாலும், அதன் கேள்விக்குக் குறித்த காலத்துள் காரணங்காட்டி எழுத்தில் விடை கூறும் கடமை ஒருவர்மீது சட்டத்தினால் சுமத்தப்பட வேண்டும். "இது என் எல்லைக்குள் இல்லை" என்று சொல்பவர், அது யாருடைய எல்லைக்குள் இருக்கின்றது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய ஏற்பாடு இருந்திருப்பின், அக்கரையோர மக்கள் முதல் மாதத்திலேயே எதை எடுத்து வைப்பது, யார் பரிசோதிப்பது, யார் வெளியிடுவது என்பதை அறிந்திருப்பர். ஒரு மனிதரின் வெட்கத்தை நம்பியிருக்க வேண்டிய நிலையும் பொலிஸ் குழுவுக்கு நேர்ந்திராது.

அடுத்த தவணையில் உள்ளூராட்சிப் பாடம் மீண்டும் வரும். பின்வரிசை மாணவன் மேல்வகுப்புக்குச் சென்றுவிடுவான். அவனைத் தேடிச் சென்றே நான் விடை கூறவேண்டும். தம்பி, அதிகாரமில்லாத சபையின் பிரேரணையால் இறந்த நண்டு உயிர்க்காது. கெட்ட அதிகாரியும் எப்போதும் விலகமாட்டான். ஆனால் ஒரு பிரேரணையை வாசிக்கும்போது, அது நிறைவேறியதா என்று மட்டும் பார்க்காதே. யாரை நோக்கி அது கேட்கப்பட்டது, அவருக்கு விடை கூறும் கடமை உண்டா, அந்த விடை எந்தத் திகதியில் வந்தது என்று பார். விடை வராத பிரேரணையின் பக்கத்தைக் கூட்டறிக்கையில் மடித்து வைத்துக்கொள். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றது.